வேதத்துக்கு அருகே நின்ற துபாஷி

பாட்டனார் எழுதிவைத்த ஏட்டைப் பேரன் படிக்க முடியாமற் போவது, உலகத்தில் எந்த ஜனசமூகத்துக்கும் நேரக்கூடிய விபத்து. அரசு மாறுகிறது, குடியிருக்கும் ஊர் மாறுகிறது, கடைத்தெருவில் புழங்கும் பேச்சு மாறுகிறது. இரண்டு மூன்று தலைமுறைகள் கழிவதற்குள், வீட்டில் போற்றி வைத்திருக்கும் புஸ்தகத்தின் பாஷை ஒன்றாகவும், அடுப்பங்கரையில் பேசுகிற பாஷை மற்றொன்றாகவும் ஆகிவிடுகின்றன.

அவ்விதம் நேர்ந்தால் ஜனங்கள் செய்யக்கூடியவை என்று நமக்கு உடனே தோன்றுபவை இரண்டு. புஸ்தகத்தைப் பண்டிதர் சிலருடைய பொறுப்பில் விட்டுவிட்டு, மற்றவர்கள் அர்த்தம் அறியாமலே கைகூப்பி நிற்பது ஒன்று. அதைப் புதிய பாஷையில் பெயர்த்து எழுதிக்கொண்டு, மூலத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுவது மற்றொன்று. முதல் வழியில் புஸ்தகம் பிழைத்துக்கொள்ளும். ஜனங்களுக்கு அது இல்லாமற் போய்விடும். இரண்டாவது வழியில் ஜனங்களுக்குப் பொருள் கிடைக்கும், புஸ்தகம் போய்விடும்.

யூதர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் ‘தர்கும்’ என்று பெயர். சொல்லின் பொருள் மொழிபெயர்ப்பு என்பதே. உருதுவிலும் அரபியிலும் வழங்கும் ‘தர்ஜுமா’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் தர்கும் என்றால், எபிரேய பாஷையில் உள்ள யூத வேதத்தை அராமிய பாஷையில் சொல்லிக்காட்டிய பழைய மொழிபெயர்ப்பு என்றே கற்றோர் கொள்வர். அது பிறந்த விதத்தையும், அதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளையும், கடைசியில் அது அடைந்த விசித்திரமான கதியையும் இந்த வாரம் நேயர்களுடன் சேர்ந்து பார்ப்போம்.

மதில் அருகே நடந்த பேச்சு

கி.மு. 701-ஆம் ஆண்டில் அசீரிய மன்னன் சனகெரிபின் சேனை எருசலேம் நகரை நெருக்கிற்று. அவனுடைய அதிகாரி ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு, சரணடையும்படி உரத்த குரலில் எபிரேயத்திலேயே பேசினான். எசேக்கியா மன்னனின் மந்திரிகள் பதறிப்போனார்கள். தங்களுக்கு அராமிய பாஷை தெரியும் என்றும், மதில்மேல் இருக்கும் ஜனங்களின் காதில் விழும்படி அவர்களுடைய பாஷையில் பேசவேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். அவனோ முன்னிலும் உரக்க, எபிரேயத்திலேயே கூவினான் என்று ராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் சொல்லுகிறது.

இந்தச் சிறு சம்பவத்தில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அந்நாளில் அராமியம் என்பது மந்திரிகளுக்கும் தூதர்களுக்கும் மட்டும் தெரிந்த அரசாங்க பாஷை. சாமானிய ஜனங்களுக்கு அது விளங்காது. சில நூற்றாண்டுகள் சென்றதும் நிலைமை தலைகீழாயிற்று. அராமியந்தான் வீட்டுப் பேச்சு. எபிரேயத்தைக் கேட்டு விளங்கிக்கொள்ளத்தான் படிப்பு வேண்டியிருந்தது.

இடையில் நேர்ந்தது என்ன? கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமையும் அதன் ஆலயத்தையும் அழித்து, ஜனங்களில் பலரைச் சிறைபிடித்துச் சென்றான். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேஷ் பாபிலோனைப் பிடித்தான். அதன்பின் யூதர்கள் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தது. அந்தப் பாரசீகப் பேரரசின் காரியாலயங்கள் அனைத்திலும் புழங்கிய பாஷை அராமியம். எகிப்து தேசத்தில் நைல் நதியின் எலிபன்டைன் தீவில் காவற்படையாக இருந்த யூதர்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் தங்கள் கடிதங்களையும் பத்திரங்களையும் அராமியத்திலேயே எழுதினார்கள். கிழக்கே அது காந்தாரம் வரை பரவியிருந்தது. பாரசீகப் பேரரசு மறைந்த பின்பும், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நம் அசோக சக்கரவர்த்தி அப்பக்கத்து ஜனங்களுக்குத் தர்மத்தை எடுத்துச்சொல்ல அந்தப் பாஷையையே கைக்கொண்டார். கிரேக்கமும் அராமியமும் அடுத்தடுத்துப் பொறித்த அவருடைய சாசனம் ஒன்று 1958-இல் கந்தகாரில் அகப்பட்டது.

எபிரேயமும் அராமியமும் உறவு பாஷைகள். வேர்ச்சொற்கள் பல இரண்டுக்கும் பொது. எனினும் ஒன்றை மட்டும் அறிந்தவன், மற்றதைக் கேட்டவுடன் புரிந்துகொள்ள இயலாது. எபிரேயம் ஒரே நாளில் மறைந்துவிடவும் இல்லை. யூதேயாவின் சில பகுதிகளில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வரையில் அது பேச்சிலும் இருந்தது. ஆனால் பெருவாரியான ஜனங்களைப் பொறுத்தவரை வேதத்தின் பாஷை வேறு, வாழ்வின் பாஷை வேறு என்றாகிவிட்டது. அந்த வேதத்திலேயே தானியேல், எஸ்றா ஆகிய புஸ்தகங்களின் சில பகுதிகள் அராமியத்தில் எழுதப்பட்டிருப்பது இதற்குச் சாட்சி.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எஸ்றா என்னும் ஆசாரியர், எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு எதிரே மரமேடை ஒன்றின்மேல் ஏறி நின்று, ஆண் பெண் அனைவரும் கேட்க மோசேயின் வேதத்தை வாசித்தார். வாசித்தது விளங்கும்படி பலர் கூடவே அர்த்தமும் சொன்னார்கள். தர்கும் அன்றே பிறந்தது என்பது பிற்கால யூத ஆசிரியர்களின் கொள்கை. அன்று சொல்லப்பட்டது மொழிபெயர்ப்பா, வெறும் விளக்கமா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. எப்படியாயினும், ஜனங்களுக்கு விளங்காத வாசிப்பு வாசிப்பே ஆகாது என்ற கொள்கை அன்று வேரூன்றியது.

கந்தல் உடுத்தவனும் சொல்லலாம்

ஜெபாலயத்தில் இது நடந்த முறையைக் கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், அதன்மேல் எழுந்த தால்முத் என்னும் பெருநூலும் விவரமாகச் சொல்லுகின்றன. வேதச் சுருளை வாசிப்பவர் ஒருவர். அவருக்கு அருகே நின்று அராமியத்தில் சொல்பவர் மற்றொருவர். இவருக்கு ‘மெதுர்கெமான்’ என்று பெயர். நாம் துபாஷி என்று அழைத்தால் பொருத்தமாயிருக்கும்.

மோசேயின் ஐந்து புஸ்தகங்களானால் வாசிப்பவர் ஒரே ஒரு வசனத்தை வாசித்து நிறுத்தவேண்டும்; துபாஷி அதன் அர்த்தத்தைச் சொல்வார்; பிறகுதான் அடுத்த வசனம். தீர்க்கதரிசிகளின் நூல்களானால் மூன்று வசனங்கள் வரையில் சேர்த்து வாசிக்கலாம். வாசிப்பவர் சுருளைப் பார்த்தே வாசிக்கவேண்டும். துபாஷியோ ஏட்டைப் பார்த்துச் சொல்லலாகாது, நினைவிலிருந்தே சொல்லவேண்டும். அவர் தடுமாறினாலும் வாசிப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. கேட்பவர்கள், மொழிபெயர்ப்பும் வேதச் சுருளிலேயே எழுதியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாதல்லவா? துபாஷியின் குரல் வாசிப்பவருடைய குரலுக்கு மேல் எழும்பலாகாது என்றும் ஒரு விதி உண்டு.

இந்த விதிகளின் நுட்பத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே மண்டபத்தில், ஒரே வேளையில், ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன. ஆனால் எது வேதம், எது அதன் அர்த்தம் என்பதில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் சந்தேகம் எழ இடமில்லை. கண்ணுக்குத் தெரிகிறது; காதுக்கும் தெரிகிறது.

துபாஷியின் அந்தஸ்து எவ்வளவு என்பதற்கு மிஷ்னா இன்னொரு அடையாளமும் தருகிறது. கந்தல் உடுத்தவன் சபையில் வேதச் சுருளை வாசிக்கலாகாது; ஆனால் அர்த்தம் சொல்லலாம். கண் தெரியாதவர் சொல்லலாம், சிறுவனும் சொல்லலாம். வேதத்தின் கௌரவத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடு, ஏழைக்கும் குருடருக்கும் பாலகனுக்கும் சபையில் பேச ஓர் இடம் அளித்துவிட்டது.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார்களா என்றால், இல்லை. முன்னோர்களுக்கு இழுக்குத் தரக்கூடிய சில பகுதிகளை வாசித்துவிட்டு, அர்த்தம் சொல்லாமல் விட்டார்கள். யாக்கோபின் மூத்த மகன் ரூபன் செய்த தகாத காரியமும், பொற்கன்றுக்குட்டியைப் பற்றிய இரண்டாவது வர்ணனையும் அவ்வகையைச் சேர்ந்தவை. இது நமக்குச் சிரிப்பை ஊட்டலாம். ஆனால் மூலத்திலிருந்து ஒரு சொல்லையாவது அவர்கள் நீக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. மௌனம் துபாஷிக்கு மட்டுந்தான்; சுருளுக்கு இல்லை.

சொல்லுக்குச் சொல்லா, பொருளுக்குப் பொருளா?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதா என்னும் ஆசிரியர் துபாஷிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். வசனத்தை உள்ளபடியே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் பொய்யன்; தன்னிச்சையாகக் கூட்டிச் சொல்பவனோ தெய்வ நிந்தனை செய்தவன் என்பது அதன் கருத்து. அப்படியானால் அந்த ஏழை என்னதான் செய்வான்? பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளுக்குப் பொருள் எழுதச் சொன்னால் மாணவர்கள் விழிக்கும் விழிப்பு நமக்கு நினைவுக்கு வருகிறது. பதங்களை அடுக்கினால் பொருள் வருவதில்லை. பொருளைச் சொன்னால் பதங்கள் விட்டுப்போகின்றன.

தர்கும் செய்தவர்கள் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்குச் சில உதாரணங்கள் காட்டலாம். சீனாய் மலைமேல் மூப்பர்கள் இஸ்ரவேலின் தேவனைக் கண்டார்கள் என்று மூலம் கூறுகிறது. உருவமற்ற கடவுளைக் கண்ணால் காண்பது எப்படி? ஆகவே ஒன்கெலோஸ் பெயரால் வழங்கும் தர்கும், அவர்கள் தேவனுடைய மகிமையைக் கண்டார்கள் என்கிறது. பாபேல் கோபுரத்தைப் பார்க்கக் கடவுள் இறங்கி வந்தார் என்பது மூலம். அவர் வெளிப்பட்டார் என்பது தர்கும். கடவுள் நேரே பேசுவதாகவும் செய்வதாகவும் வரும் பல இடங்களில் அவருடைய ‘மெம்ரா’, அதாவது வாக்கு, என்ற சொல்லை இடையில் வைக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தத்துவ ஞானி மைமோனிடீஸ், கடவுளுக்கு உடல் இல்லை என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டும்போது ஒன்கெலோஸின் இந்தக் கவனத்தையே துணைக்கு அழைத்தார்.

சட்டங்களிலும் இப்படியே. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்ற விதி, ஒன்கெலோஸில் மாமிசத்தைப் பாலுடன் உண்ணலாகாது என்று பொதுவிதியாக விரிகிறது. கண்ணுக்குக் கண் என்ற தண்டனையை மற்றொரு தர்கும், கண்ணுக்குரிய விலையைக் கொடுப்பது என்று மாற்றிச் சொல்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் நீதிபதிகள் தந்த தீர்ப்பு, மொழிபெயர்ப்பின் ஒரு சொல்லில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்வது காயீன் கதை. காயீன் தன் தம்பி ஆபேலுடன் பேசினான் என்று எபிரேய மூலம் சொல்கிறது. என்ன பேசினான் என்று சொல்லவில்லை. அடுத்து நடப்பது கொலை. இந்த இடைவெளி பாலஸ்தீனத்துத் துபாஷிகளைச் சும்மா இருக்க விடவில்லை. அவர்களுடைய தர்கும்களில் அண்ணன் தம்பி இருவரும் வயலில் நின்று வாதாடுகிறார்கள். நியாயத்தீர்ப்பும் இல்லை, நீதிபதியும் இல்லை, மறு உலகமும் இல்லை என்கிறான் காயீன். எல்லாம் உண்டு என்கிறான் ஆபேல். அந்த வாதத்தின் முடிவில் கை ஓங்குகிறது. உலகத்தின் முதற் கொலை பொறாமையால் மட்டும் நேர்ந்ததன்று. நீதி என்று ஒன்று இல்லை என எண்ணத் தொடங்கியதால் நேர்ந்தது என்பது அவர்கள் கருத்து. இது மொழிபெயர்ப்பு அன்று என்று கண்டிப்பவர்கள் கண்டிக்கலாம். ஆனால் கதையைக் கேட்ட குழந்தை எழுப்பும் முதல் கேள்விக்கு அவர்கள் விடை தேடினார்கள் என்பதை யார் மறுக்க முடியும்?

பாட்டனார் புதைத்த ஏடு

இவ்வளவு கட்டுப்பாடுகள் இருந்தும், தர்குமை ஏட்டில் எழுதுவது சிலருக்கு அச்சத்தைத் தந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கமாலியேல் என்ற பேராசிரியர் ஆலய மலையில் நின்றுகொண்டிருந்தபோது, யோபு புஸ்தகத்தின் தர்கும் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்களாம். அங்கே கட்டடம் கட்டிக்கொண்டிருந்தவனை அழைத்து, கல்வரிசைக்கு அடியில் அதைப் புதைத்துவிடும்படி அவர் உத்தரவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் திபேரியா நகரில் அதே பெயருள்ள அவருடைய பேரர் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஏடு எது தெரியுமா? யோபுவின் தர்கும்! பாட்டனார் செய்ததை ஒரு முதியவர் நினைவூட்டியதும், பேரரும் அதை மறைத்துவைக்கச் சொன்னார் என்று தால்முத் கூறுகிறது.

எத்தனை ஏடுகளைப் புதைத்தாலும் ஆசையைப் புதைக்க முடியவில்லை. 1956-இல் சாக்கடலை அடுத்த கும்ரான் பகுதியில், பதினொன்றாவது குகையில் யோபுவின் தர்கும் அடங்கிய பழஞ்சுருள் ஒன்றே அகப்பட்டது. 1971-இல் அது அச்சேறியது. கமாலியேல் கண்ட ஏடு இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் காலத்திலேயே அத்தகைய ஏடுகள் நடமாடின என்பது உறுதியாயிற்று.

தீர்க்கதரிசிகளின் நூல்களுக்குத் தர்கும் செய்தவர் என்று சொல்லப்படும் யோனத்தானைப் பற்றியும் தால்முத்தில் ஒரு கதை உண்டு. அவர் மொழிபெயர்த்ததும் தேசம் முழுவதும் அதிர்ந்ததாம். தன் ரகசியங்களை மனிதருக்கு வெளியிட்டவன் யார் என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. யோனத்தான் எழுந்து நின்றார். தாமே அதைச் செய்ததாகவும், தம் புகழுக்காகவோ தம் குலத்தின் புகழுக்காகவோ அன்றி, ஜனங்களிடையே வீண் சச்சரவுகள் பெருகாதிருக்கவே செய்ததாகவும் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடப் பயங்கரமான நீதிமன்றமும் இல்லை. இதைவிடக் கண்ணியமான வாக்குமூலமும் இல்லை.

அந்நிய பாஷையே புனிதமான கதை

நாளடைவில் பயம் தெளிந்தது. ஐந்து புஸ்தகங்களுக்கு ஒன்கெலோஸின் தர்கும் பாபிலோனிய வித்யாபீடங்களின் அங்கீகாரம் பெற்றது. ஒன்கெலோஸ் பிறப்பால் யூதர் அல்லர், யூத சமயத்தைத் தழுவிய அந்நியர் என்பது ஐதிகம். வாரந்தோறும் குறித்த பகுதியை மூலத்தில் இருமுறையும் தர்குமில் ஒருமுறையும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்று தால்முத் பணித்தது. இருமுறை மூலம், ஒருமுறை அர்த்தம்: இந்தக் கணக்கே அவர்களுடைய கொள்கையின் சுருக்கம்.

ஏழாம் நூற்றாண்டில் அரேபியர் ஆட்சி பரவியது. பேச்சு மறுபடியும் மாறிற்று. இப்பொழுது அராமியமும் ஜனங்களுக்கு விளங்காத பாஷை ஆகிவிட்டது! விளங்குவதற்காக ஏற்பட்ட தர்குமே விளங்காமற் போனால் அதை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாபிலோனிய வித்யாபீடத்தின் தலைவராயிருந்த நத்ரோனாய், தர்குமை விடலாகாது என்றும், ஜனங்கள் விரும்பினால் மூன்றாவதாக ஒருவர் எழுந்து அவர்களுடைய பேச்சில் விளக்கட்டும் என்றும் விடையளித்தார். வட ஆப்பிரிக்காவில் யூதா இப்னு குரைஷ் என்பவர், தர்குமைக் கைவிடத் துணிந்த பேஸ் நகரத்து யூதர்களுக்கு ஒரு நீண்ட நிருபம் எழுதினார். எபிரேயம், அராமியம், அரபி மூன்றும் உறவு பாஷைகள் என்பதைச் சொல்வாரியாக அவர் அதில் எடுத்துக்காட்டினார். பாஷைகளை ஒப்பிட்டு ஆராயும் சாஸ்திரத்தின் ஆரம்ப நூல்களில் அதுவும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் சாதியா என்னும் பேரறிஞர் வேதத்தை அரபியில் பெயர்த்தார். ஆனாலும் தர்கும் மறையவில்லை.

ஏமன் தேசத்து யூதர்கள் இந்த மூன்றையும் அருகருகே வைத்துக் காப்பாற்றினார்கள். எபிரேய மூலம், ஒன்கெலோஸின் அராமியம், சாதியாவின் அரபி ஆகிய மூன்றையும் வசனத்துக்கு வசனம் மாற்றி எழுதிய ஏடுகள் அவர்களிடம் இருந்தன. 1949, 1950-ஆம் ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களுடைய ஜெபாலயங்களில் இன்றும் ஒருவர் ஒரு வசனம் வாசித்து நிறுத்துகிறார். பக்கத்தில் நிற்பவர், பெரும்பாலும் ஒரு சிறுவன், அதன் தர்குமைச் சொல்கிறான். பிறகு அடுத்த வசனம். இதில் ஒரு வேடிக்கை: அங்கே கூடியிருப்பவர்கள் வீட்டில் பேசுவது புத்துயிர் பெற்ற எபிரேயம். மூலம் அவர்களுக்கு ஓரளவு விளங்குகிறது. விளக்கவந்த அராமியந்தான் விளங்குவதில்லை!

அப்படியானால் அந்தப் பாலகன் செய்வது வீண் வேலையா? நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. பாஷை தெரியாத ஜனங்களுக்காக ஒரு காலத்தில் யாரோ எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, தாம் சொல்வது வேதம் அன்று, அதன் அர்த்தமே என்பதை ஒவ்வொரு வசனத்துக்கும் உணர்த்திப் பேசினார்கள். தர்கும் பிழைத்திருப்பது அந்தப் பணிவினாலேதான். மூலத்தின் ஆசனத்தில் அது ஒருபோதும் உட்கார முயலவில்லை; ஆகவே அதை எழுப்பி அனுப்பவேண்டிய அவசியம் யாருக்கும் நேரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அது வேதத்துக்கு அருகே நின்றுகொண்டே இருக்கிறது.